கூப்பிடாமல் காத்திருக்கும் விளையாட்டுகள்

என் லேப்டாப்பில் இப்போது 41 கேம்கள் இருக்கின்றன. பாதிக்கு மேல் தள்ளுபடியில் வாங்கியவை. போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, ஆபீஸ் கணக்கை முடித்து அனுப்பிவிட்டு, பத்தரை மணி வாக்கில் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்தேன். வெளியே மழை விட்டிருந்தது, ஓட்டிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. படம் பார்க்கப் பிடிக்கவில்லை. புத்தகம் எடுத்தால் ஒரே பக்கத்தை மூன்று தடவை படிக்கிறேன். யாரிடமும் பேசவும் தோன்றவில்லை. துக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காய்ச்சல் விட்ட மறுநாள் நாக்கு எப்படி இருக்குமோ, அப்படி மனசு இருந்தது.

அந்த மாதிரி ராத்திரியில் புதுக் கேமைத் திறக்கக் கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். புதுக் கேம் என்பது முதல் தடவை போகிற சம்பந்தி வீடு மாதிரி. செருப்பை எங்கே விடுவது, தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கும், யாரிடம் எப்படிப் பேசுவது என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். மனசுக்குத் தெம்பு இருந்தால் அது சந்தோஷம்தான். தெம்பு இல்லாதபோது பாரம். அதனால் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டைத் திறந்து, ஏழாவது தடவையாக ஒரு புதுப் பண்ணையை ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. தூக்கம் வந்தது.

நான் ஆடியதிலேயே சிறந்த கதை உள்ள கேம் எது என்று கேட்டால் விட்சர் 3 என்பேன். ஆனால் அதை ஒரு தடவை முடித்ததோடு சரி. ஒன்றுமே பிடிக்காத நாளில் கை அந்தப் பக்கம் போவதில்லை. சிறந்த கேமும் திரும்பத் திரும்பப் போகிற கேமும் வேறு வேறு என்பதை ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். யோசிக்கும்போதெல்லாம் எங்கள் அப்பாயிதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

அப்பாயிக்குப் பல்லாங்குழி உயிர். மடக்கி வைக்கிற மரப்பலகை, பக்கத்துக்கு ஏழாக 14 குழி, காய்க்குப் புளியங்கொட்டை. எங்களோடு ஆடும்போது, குழியில் நாலு காய் சேர்ந்து பசு எடுத்தால் தெருவுக்கே கேட்கும். சின்னப் பிள்ளைகள் என்று விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஆனால் மத்தியானம் வீடு அடங்கின பிறகு, தூணில் சாய்ந்துகொண்டு தனியாக ஆடுவாரே, அது வேறு ஆட்டம். அதற்குச் சீதைப் பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சீதை தனியாக உட்கார்ந்து ஆடியது என்பார்கள்.

அப்பாயி ஆடிய விதம் இது. முதல் குழியில் 7 காய், அடுத்ததில் 6, அப்புறம் 5, 4, 3, 2, 1. மொத்தம் 28 காய். மீதி ஏழு குழி காலி. முதல் குழியில் இருக்கும் ஏழையும் அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். 6 இருந்த குழியில் 7 ஆகும். 5 இருந்த குழியில் 6. இப்படியே போய், 1 இருந்த குழியில் 2 ஆகும். கையில் மிஞ்சிய கடைசிக் காய் காலிக் குழியில் விழும். இப்போது பலகையைப் பார்த்தால் அதே 7, 6, 5, 4, 3, 2, 1 வரிசை, ஒரு குழி தள்ளி உட்கார்ந்திருக்கும். மறுபடி ஏழை அள்ள வேண்டும். 14 தடவை அள்ளினால் வரிசை முழுசாகப் பலகையைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும்.

ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. எனக்குப் பத்து வயது இருக்கும். "இதுல என்ன அப்பாயி இருக்கு, திருப்பித் திருப்பி அதேதானே வருது?" என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "அதேதான்டி வரணும். வரலேன்னா நான் வேற எங்கேயோ நெனப்பா இருந்திருக்கேன்னு அர்த்தம்."

அதே வருஷம்தான் மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது எனக்கும் தம்பிக்குமாகச் சேர்த்து ஒரு பிரிக் கேம் வாங்கி வந்தார். அந்த வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும், உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறத் திரை, மேலே 9999 கேம்கள் என்று அச்சடித்திருக்கும். எண்ணிப் பார்த்தால் நாலைந்துதான், அதிலும் நாங்கள் ஆடியது ஒன்றே ஒன்று. மேலிருந்து கட்டை விழும், திருப்பித் திருப்பி இடுக்கில் சொருக வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் மறையும். அதன் பெயர் டெட்ரிஸ் என்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னவ் என்பவர் எழுதியது. அவர் எழுதிய கம்ப்யூட்டரில் படம் வரையும் வசதியே கிடையாது. அதனால் அடைப்புக்குறிகளை வைத்தே கட்டைகளைக் காட்டியிருக்கிறார். நாலு சதுரம் சேர்ந்த ஏழு வடிவம், 10 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம். அவ்வளவே. நாற்பது வருஷமாக உலகம் அதை ஆடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகிற பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அதற்கு மேல் அந்த ராத்திரியைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கு நாலு மா பரப்பில் தென்னந்தோப்பு. 86 மரம் நின்றது, விடிந்து பார்த்தபோது ஒன்பது. தாத்தா காலத்து மரமும் அதில் உண்டு, அப்பா கையால் கன்று வைத்து வளர்த்ததும் உண்டு.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர 23 நாள் ஆனது. பகலில் வேலை இருந்தது, மரத்தை அறுப்பது, இழுப்பது, கூரையைச் சரிசெய்வது. ராத்திரிதான் கஷ்டம். அப்பா யாரிடமும் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், போய்த் திண்ணையில் உட்காருவார். ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டு வந்த போனை எல்லாரும் அவசரத்துக்கு என்று அணைத்தே வைத்திருந்தோம். நான் பரணில் தார்ப்பாய் தேடும்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் அந்த பிரிக் கேம் கிடைத்தது. அதற்கு இரண்டு பேட்டரி வேண்டும். கூடத்துக் கடிகாரத்திலிருந்து ஒன்று, சமையலறைக் கடிகாரத்திலிருந்து ஒன்று கழற்றிப் போட்டேன். வீட்டில் இரண்டு கடிகாரமும் நின்றன, இது ஓடியது.

திண்ணையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். இடப்பக்க பட்டனுக்குள் ரப்பர் தேய்ந்துபோய், நகத்தால் அழுத்தினால்தான் வேலை செய்யும். ஒரு கட்டை தவறான இடத்தில் விழுந்தது. பக்கத்திலிருந்து அப்பா, "அத நிமித்திப் போட்டிருக்கலாம்" என்றார். நாலு நாளில் அவர் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. நான் ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் கொடுத்தேன். "எதை அமுக்குனா திரும்பும்?" என்று கேட்டார். காட்டினேன். திரையில் வெளிச்சம் கிடையாது, அதனால் அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். அன்றைக்குப் பேட்டரி மங்கும்வரை ஆடினார். மறுநாள் சாயங்காலம் அவரே கேட்டார், "அந்தப் பெட்டிய எங்க வெச்சே பாப்பா?"

டெட்ரிஸைப் பற்றி ஓர் ஆராய்ச்சி இருப்பதைப் பின்னால் படித்தேன். 2009இல் ஆக்ஸ்போர்டில் எமிலி ஹோம்ஸும் அவருடைய குழுவினரும் செய்தது. கொடூரமான காட்சிகள் உள்ள படத்தை 40 பேருக்குப் போட்டுக் காட்டி, அரை மணி நேரம் கழித்துப் பாதிப் பேரைப் பத்து நிமிஷம் டெட்ரிஸ் ஆடவைத்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில், ஆடாதவர்களைவிட ஆடியவர்களுக்கு அந்தக் காட்சிகள் மனசில் தானாகக் கிளம்பி வருவது குறைவாக இருந்தது. கண்ணில் நிற்கும் காட்சி மனசில் இறுகுவதற்குள், அதே கண்ணுக்கு வேறு வேலை கொடுத்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். அப்பா விஷயம் அப்படியே இதில் பொருந்தாது. அவர் பார்த்தது படமும் இல்லை, ஆடியது அரை மணிக்குள்ளும் இல்லை. ஆனாலும் அந்தத் திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அந்த இருபது நிமிஷமும் அவர் தோப்பில் இல்லை.

ஃப்ரீசெல் என்ற, தனியாக ஆடும் சீட்டாட்டம் பற்றி இரண்டு வரி. முதல் வேலையில் எனக்குக் கொடுத்த கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இல்லை, ஃப்ரீசெல் இருந்தது. அதில் சீட்டுகளை அடுக்கித் தரும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எண் உண்டு, 1 முதல் 32,000 வரை. அத்தனையிலும் தீர்க்கவே முடியாதது 11982 ஒன்றுதான் என்று சொல்வார்கள். மற்றதெல்லாம் முடியும். முடியவில்லை என்றால் நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். ஆடிட் நேரத்தில் ஒரு ரூபாய் வித்தியாசத்தை மூன்று மணி நேரமாகத் தேடிக்கொண்டிருப்பவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குப் புரியும்.

தம்பி இப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருக்கிறான். அவனும் நானும் திரும்பிப் போவது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்கு. ஊரைக் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடுகிற கேம். 1999இல் வந்தது, 2019இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். 2022இல் இந்திய அரச மரபுகளைச் சேர்த்தபோது திராவிடர் என்று ஒரு பிரிவும், ராஜேந்திர சோழனின் கதையும் அதில் வந்தன. வந்த அன்றே தம்பி இரண்டு பேருக்கும் வாங்கிவிட்டான். சின்ன வயதில் பிராங்குகளாகவும் பிரிட்டன்காரர்களாகவும் ஆடிய கேமில், நாம் சொடுக்கினால் ஆட்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். போனில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போன நாளைப் பற்றிப் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம்.

ஆனால் சனிக்கிழமை ராத்திரி ஆடுவது ராஜேந்திரன் கதை இல்லை. அரேபியா என்ற அதே பழைய மைதானம், எதிரில் கம்ப்யூட்டர், நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி. நடுவில் ஊர் மண்டபம், மூன்று குடியானவர்கள், 200 உணவு. ஓர் ஆளுக்கு 50 உணவு, 25 விநாடி. அந்த 200க்கு நாலு பேர். அவர்கள் வருவதற்குள் சுற்றுவட்டாரத்தில் மேயும் ஆடுகளைக் கண்டுபிடித்து ஓட்டி வர வேண்டும். அடுத்த யுகத்துக்குப் போக 500 உணவு சேர்க்க வேண்டும். அப்புறம் வயல் போட வேண்டும், வயலுக்கு 60 மரக்கட்டை. இந்த முதல் பத்து நிமிஷம் எங்கள் இரண்டு பேர் கைக்கும் மனப்பாடம்.

கை வேலை செய்யும்போதுதான் வாய் சுலபமாகத் திறக்கிறது. "அக்கா, ஆடு புடிச்சாச்சா?" என்று ஆரம்பிப்பான். அதே மூச்சில், "அம்மா சுகர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதா?" என்பான். வீடியோ காலில் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "நல்லா இருக்கியா" "இருக்கேன்" என்பதற்கு மேல் எங்களுக்குப் பேச்சு ஓடாது. ஆடு பிடித்துக்கொண்டே பேசினால், அங்கே ரூமில் என்ன சமைத்தார்கள் என்பதிலிருந்து, அவனுக்கு வந்த வரனை அவன் ஏன் வேண்டாம் என்றான் என்பதுவரை வெளியே வரும். அந்த வரன் விஷயத்தை அவன் சொன்னது கோட்டை கட்டுவதற்குக் கல் வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

சித்தப்பா பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு பஸ் சிமுலேட்டர் இந்தோனேஷியா. அதில் பஸ்ஸுக்கு நாமே பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். அவன் பள்ளிக்கூடம் போன தனியார் பஸ்ஸின் நிறத்தையும் பக்கவாட்டுக் கோடுகளையும் அப்படியே வரைந்து வைத்திருக்கிறான். வேலை முடிந்து வந்தால் ஜாவா தீவு ரோட்டில் எங்கள் ஊர் பஸ் ஓடும்.

இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒன்று இருக்கிறது. எதுவும் நம்மைக் கூப்பிடுவதில்லை. 2010 வாக்கில் முகநூலில் எல்லாரும் ஆடிய ஒரு பண்ணை விளையாட்டை நானும் ஆடினேன். விதைத்தால் இத்தனை மணி நேரத்தில் வந்து அறுத்தாக வேண்டும், வராவிட்டால் பயிர் வாடிவிடும். அறுப்பதற்கென்று அலாரம் வைத்து எழுந்திருக்கிறேன். இன்றைக்குப் போனில் இருக்கிற பல கேம்களும் அந்த வம்சம்தான். இன்றைக்கு வந்தால் பரிசு, நாளைக்கு வராவிட்டால் ஏழு நாள் சேர்த்தது போச்சு. நமக்கு முடியாத நாளில்தான் அவை அதிகமாக மணி அடிக்கும். எனக்கு அது ஆறுதல் தராது, அது இன்னொரு கடன். ஸ்டார்டியூ வேலியை நான் எட்டு மாதம் திறக்காமல் இருந்திருக்கிறேன். திறந்தபோது, படுத்துத் தூங்கிய அதே நாளின் மறுநாள் காலை ஆறு மணி. மாடு அங்கேயே நின்றது.

ஸ்டார்டியூ 2016 பிப்ரவரி 26இல் வெளிவந்தது. எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நாலரை வருஷம் உட்கார்ந்து செய்தது. படம், இசை, கதை, நிரல் எல்லாம் அவரே. அந்தக் காலத்தில் ஒரு தியேட்டரில் ஆட்களை இருக்கையில் உட்காரவைக்கும் வேலையையும் பார்த்தாராம். கதை எளிது. தாத்தா விட்டுப்போன நிலம், முள்ளும் கல்லுமாகக் கிடக்கிறது. நாம் போய்த் திருத்த வேண்டும். நாலு பருவம், பருவத்துக்கு 28 நாள். ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிஷம். காலையில் வீட்டு டிவியைப் போட்டால் நாளைக்கு மழையா வெயிலா என்று சொல்லும். மழை என்றால் மழைதான்.

பகலெல்லாம் வயலைப் பார்த்துக்கொண்டிருப்பவள் ராத்திரியும் வயலையா ஆடுவாய் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். வயலைப் பார்த்துக்கொண்டிருப்பவள் என்பதால்தான் ஆடுகிறேன். எங்கள் நிலம் கடைமடை, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூர் ஜூன் 12இல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2020இல் எட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தத் தேதியில் திறந்தார்கள். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தது. 2024இல் ஜூலை 28 ஆனது. திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, கிளை கிளையாகப் பிரிந்து, எங்கள் மடைக்கு வந்து சேர்வது அப்புறம் ஒரு காத்திருப்பு. வந்து, விளைந்து, அறுத்து, களத்தில் கொட்டிவைத்த பிறகு ஒரு மழை பெய்தால் நெல்லின் ஈரப்பதம் கொள்முதலுக்கு வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதைத் திரும்பக் காயவைக்க வேண்டும். அப்பா சாக்கைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை எத்தனையோ தை மாதத்தில் பார்த்திருக்கிறேன்.

ஸ்டார்டியூவில் 2019 முதல் நெல் உண்டு. நாற்று ஒன்று 40 காசு, கடையில் வாங்கி வசந்த காலத்தில் நட வேண்டும். சாதாரணமாக எட்டு நாளில் விளையும். ஆறோ குளமோ மூன்று கட்டத்துக்குள் இருந்தால் ஆறே நாள், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம், மண் தானாக ஈரமாகிவிடும். விளைந்ததை அரிவாளால்தான் அறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் மிஷின் வந்த பிறகு கருக்கரிவாள் எரவானத்தில் சொருகியபடியே இருக்கிறது. அதனால் அந்தத் திரையில் அறுப்பது எனக்குத் தனி சந்தோஷம். பண்ணையில் பல வகை உண்டு. நான் ஏழு தடவையும் எடுத்தது ஆறு நடுநடுவே ஓடி நிலத்தைத் திட்டுத் திட்டாகப் பிரிக்கிற பண்ணை. விளைநிலம் குறைவு என்று அதைப் பலர் எடுக்க மாட்டார்கள். எனக்கு வேறு எதையும் எடுக்கத் தோன்றியதில்லை.

கார்த்திகை ராத்திரி ஆரம்பித்த பண்ணையை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்து தொடர்ந்தேன். அப்பா வயலுக்குப் போய்விட்டு வந்து, காலைக் கழுவிக்கொண்டு, துண்டால் துடைத்தபடி பின்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நெல்லா அது?"

"ஆமாம்பா."

"என்ன ரகம்?"

"ரகமெல்லாம் இல்லப்பா. ஆறு நாள்ல அறுக்கலாம்."

"ஆறு நாளா..." என்று இழுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஆற்றோரமாக வரிசை வைத்து நட்டுக்கொண்டிருந்தேன். ஆற்றிலிருந்து மூன்று கட்டத்துக்குள் தண்ணீர் தானாகப் பாயும் என்று சொன்னேன்.

"அப்ப அது தலைமடைன்னு சொல்லு" என்றார்.

நட்டு முடித்தேன். கையில் இன்னும் ஐந்தாறு நாற்று இருந்தது. அவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். "அந்த ஓரத்துலயும் ஒரு வரிசை போடு. எடம் கெடக்குதுல்ல."

"அது நாலாவது கட்டம்பா. தண்ணி எட்டாது."

ஆற்றிலிருந்து விரலை நகர்த்தி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பார்த்தார். நாலாவதில் விரல் நின்றது.

"எட்டலேன்னா என்ன, நீ எடுத்து ஊத்தேன்."

நாலாவது வரிசையையும் நட்டேன். பூவாளியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, ஒவ்வொரு நாற்றுக்காக ஊற்றினேன். கடைசி நாற்றின் மண் கருக்கிற வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காப்பி குடிக்க எழுந்தார்.